பத்து நாளில் மக்கிவிடும் என்று யாருடைய மண்ணை வைத்துச் சொன்னார்கள்?

தை மாதம். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை இரண்டு கை இலை விட்டிருந்தது. திருவக்கரைப் பக்கம் ஒரு காலனியிலிருந்து ஏழு பெண்களைக் களைவெட்டக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பெல்லாம் அந்த நிலத்துக்கு இருபது பேர் இறங்குவார்கள். இந்த முறை முதல் நாள் சாயங்காலமே களை மருந்து அடித்தாகிவிட்டது. மருந்துக்குத் தப்பிய கோரையையும் வரப்போரத்துப் புல்லையும் கொத்திப் போட ஏழு பேர் போதும் என்று கணக்கு. காலையில் பனி ஈரத்தோடு வெறுங்காலில் இறங்கினார்கள். மதியத்துக்குள் பாதத்திலும் விரல் இடுக்கிலும் எரிச்சல். ஒரு அக்கா வழக்கம்போல மடியில் பண்ணைக்கீரை பறித்து வைத்திருந்தார், இரவுக் குழம்புக்கு.

நிலத்துக்காரரிடம் கேட்டபோது அவர் கோபப்படவெல்லாம் இல்லை. "அது பத்து நாள்ல மண்ணோட மண்ணா மக்கிப்பூடும், கடையிலயே சொல்லித்தான் குடுத்தாங்க" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் அவர் நம்புகிறார். மறுநாள் எங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, பத்து நாள்ங்கறாங்களே, நாங்க எறங்குனது பத்தாவது நாளா, மொத நாளா? அதுவும் போவட்டும். போன வருசம் அடிச்சது, அதுக்கு முன்ன வருசம் அடிச்சது, அதெல்லாம் எந்தக் கணக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் மண் அறிவியல் வரும். தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாதியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மண்ணைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்பவர்களும் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கலாம்.

முதலில் அந்தப் 'பத்து நாள்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நெல்லிலும் கரும்பிலும் அடிக்கிற 2,4-டி என்ற மருந்துக்கு ஆய்வு நூல்களில் போட்டிருக்கிற எண் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது 'மக்கி முடிகிற' நாள் அல்ல. அதை அரை ஆயுள் என்கிறார்கள். போட்டதில் பாதி சிதைய ஆகும் காலம் அது. பத்தாம் நாள் பாதி இருக்கும், இருபதாம் நாள் கால், முப்பதாம் நாள் அரைக்கால். கடையில் கேட்டு வருகிறவர் காதில் இது 'பத்து நாளில் போய்விடும்' என்று விழுகிறது. அதுவும் 2,4-டி விரைவில் சிதையும் வகை. கரும்புக்குப் போடும் அட்ரசினுக்குச் சுமார் 60 நாள் என்று போட்டிருக்கும். மல்லாட்டை விதைத்ததும் அடிக்கும் பெண்டிமெத்தலினுக்கு அதைவிடவும் கூடுதலான நாளைச் சொல்கிறார்கள். பாராகுவாட் களிமண்ணில் ஒட்டிக்கொண்டால் வருடக்கணக்கு. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பத்து நாள்தான்.

இந்த எண்களை எப்படி எடுக்கிறார்கள் என்பதுதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் ஒரு சோதனை முறை இருக்கிறது. ஓஇசிடி அமைப்பு 2002-ல் வகுத்த 307-ம் எண் வழிகாட்டி. சலித்த மண்ணைக் குடுவையில் போட்டு, இருட்டில், 20 டிகிரி வெப்பத்தில், அளவான ஈரத்தில், காற்று போய்வர வைத்து அளக்க வேண்டும். எடுக்கும் மண்ணில் கரிமச் சத்து 0.5 முதல் 2.5 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. குற்றம் சொல்ல முடியாத முறைதான். ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு ஒப்பிட எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 20 டிகிரி என்பது நம் ஊரில் மார்கழி விடியற்காலை. அளவான ஈரம் என்பது ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் கழித்து இருக்கிற ஈரம். வருடத்தில் எத்தனை நாள் திருவக்கரை மண் அந்தக் குடுவையின் மண்ணாக இருக்கிறது?

மருந்தைச் சிதைப்பதில் பெரும் பங்கு மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுடையது. அவற்றுக்குச் சாப்பாடு வேண்டும், ஈரம் வேண்டும், பெரும்பாலானவற்றுக்குக் காற்று வேண்டும், தாங்கக்கூடிய சூடு வேண்டும். 10 டிகிரி கூடினால் சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டுதான் 'நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாம் சீக்கிரம் மக்கிவிடும்' என்கிறார்கள். பாதி உண்மை. ஈரம் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கணக்கு. சித்திரையில் மூடாக்கு இல்லாத செம்மண் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். அப்போது ஈரமும் இருக்காது, நுண்ணுயிரும் வேலை செய்யாது. மருந்து அப்படியே கிடக்கும். அடுத்த மழை வரும்போது நுண்ணுயிர் விழிக்கும், அதே மழை மருந்தையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். யார் முந்துகிறார்கள் என்பதுதான் விஷயம்.

கரிமச் சத்துக்கு வருவோம். எரு, சாணம், இலைதழை மக்கிச் சேர்ந்த மண்ணில் நுண்ணுயிர் அதிகம். அதோடு அந்த மக்கு, மருந்தைத் தன்னோடு ஒட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே விடாது. வானூர் பக்கத்துச் செம்மணலில் இந்தச் சத்து அரை சதவீதம்கூட இல்லாத நிலங்கள்தான் அதிகம். மாடு குறைந்தது, எரு குறைந்தது. பிடித்து வைக்கக் களியும் இல்லை, மக்கும் இல்லை. கரைந்து போகிற குணமுள்ள மருந்து, குறிப்பாக அட்ரசின், மணல் வழியாகக் கீழே இறங்க வேறென்ன வேண்டும்?

இறங்கிய பிறகு என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள எங்கும் போக வேண்டாம். திருவக்கரைக்குப் பௌர்ணமிக்கு வருகிற கூட்டம் வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகள் கேட்டால் கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் குறித்து வைத்த இடம் அது. இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வெட்டிப் போட்ட மரம் நம் தெருவில் நாலைந்து மழைக்கு மேல் தாங்காது, கரையான் தின்று உளுத்துவிடும். இந்த மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகளாக இருக்கின்றன. காரணம் என்ன? பழங்காலத்து ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலுக்கு அடியில் புதைத்துவிட்டது. அங்கே காற்று இல்லை, மட்க வைக்கும் உயிர் வேலை செய்ய வழியில்லை. மணலிலிருந்து கரைந்த சிலிக்கா மெல்ல ஊறி மரத்தைக் கல்லாக்கியது. எந்தப் பொருளும் தானாக மக்குவதில்லை. மக்க வைக்கும் சூழல் இருந்தால்தான் மக்கும். களை மருந்து கல்லாகாது, அது வேறு கதை. ஆனால் மேல்மண்ணை விட்டுத் தப்பி ஆழத்துக்கு இறங்கிய மருந்துக்கும் இதே நிலைமைதான். அங்கே நுண்ணுயிர் சொற்பம், சாப்பாடு இல்லை, காற்றும் குறைவு. மேலே 60 நாள் என்று எழுதிய எண் அங்கே செல்லாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் அட்ரசினுக்கு அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது இதனால்தான். நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது என்று உறுதி சொல்ல முடியவில்லை. நம் குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, அதே அட்ரசினுக்கு 2 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்கிறது. இருபது மடங்கு. அதையாவது அளக்கிறோமா என்பதற்குப் பிறகு வருகிறோம்.

மண்ணின் அமில, கார நிலை இன்னொரு சங்கதி. அட்ரசின் அமில மண்ணில் சீக்கிரம் உடையும், கார மண்ணில் நீடிக்கும். நெல்லுக்கு அடிக்கும் மெட்சல்ஃபூரானும் அப்படித்தான். மல்லாட்டையில் இருபதாம் நாள் வாக்கில் அடிக்கிற இமாசெத்தாபிர் நேர் எதிர். அமில மண்ணும் வறட்சியும் சேர்ந்தால் அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடுத்த பயிர் வரை இருக்கும். அமெரிக்காவில் அந்த மருந்தின் சீட்டில், அடித்த நிலத்தில் சர்க்கரை பீட் போட 40 மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். நாற்பது மாதம்! இங்கே மல்லாட்டை பிடுங்கிய கையோடு அடுத்த பயிர் விதைக்கிறோம். முளைக்கவில்லை என்றால் விதை சரியில்லை என்று திட்டுகிறோம்.

நெல் வயலில் தண்ணீர் கட்டி நிற்பதால் கதை மாறுகிறது. நீர் மூழ்கிய மண்ணில் காற்று இல்லை. மேட்டில் பத்து நாளில் பாதியாகும் 2,4-டி அங்கே பல வாரம், சில நேரம் பல மாதம் இழுக்கும். வேறு சில மருந்துகள் நீருக்கடியில் வேகமாக உடைவதும் உண்டு. ஆகவே ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே டேங்கிலிருந்து அடித்த மருந்து மேட்டில் ஒரு வாழ்வும் பள்ளத்தில் ஒரு வாழ்வும் வாழும்.

மேடு, பள்ளம் என்று எழுதும்போதே தோழர்களுக்குப் புரிந்திருக்கும். ஊர் எங்கே இருக்கிறது, காலனி எங்கே இருக்கிறது? எல்லா ஊரிலும் இல்லை என்றாலும், நாங்கள் போய்வந்த பல ஊர்களில் வயல் தண்ணீர் வடிகிற பக்கத்தில்தான் நம் வீடுகள் இருக்கின்றன. ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் பக்கத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. சங்கராபரணி கரைபுரண்டது. அந்த வெள்ளம் வயலின் மேல்மண்ணைச் சும்மா விட்டா வந்திருக்கும்? களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட மருந்து களிமண்ணோடுதான் பயணம் போகும்.

இனி அந்த மடியில் இருந்த கீரைக்கு வருவோம். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நிலம் இல்லாதவர்கள் வயலிலிருந்து கூலி மட்டும் கொண்டுபோவதில்லை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி, நத்தை, வயல் நண்டு, ஆட்டுக்கு ஒரு கட்டுப் புல். இருளர் குடும்பங்களுக்கு எலியும் வாய்க்கால் மீனும். நிலத்துக்காரருக்குக் களையாகத் தெரிவது நம் வீட்டில் குழம்பு. களை மருந்து வந்தபிறகு இவற்றில் பாதி இல்லை. மீதியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. நம் நாட்டு மருந்துச் சீட்டுகளில் 'அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்தக் காத்திருப்பு மல்லாட்டையைச் சந்தையில் வாங்கித் தின்பவருக்காக. அடித்த மறுநாள் அதே நிலத்தில் பறித்த கீரையைத் தின்பவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. கணக்குப் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. களையைப் பறித்துத் தின்கிற மனுஷி ஒருத்தி இருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

வேலைக்கு இறங்குகிறவரைக் கணக்கில் எடுக்க முடியாதா? அமெரிக்காவில் 1992-ல் கொண்டுவந்த வேலையாள் பாதுகாப்பு விதிப்படி, அடித்த எத்தனை மணி நேரம் கழித்து ஆட்கள் நிலத்துக்குள் இறங்கலாம் என்பது சீட்டிலேயே இருக்க வேண்டும், ஆட்களுக்குச் சொல்லவும் வேண்டும். அங்கேயும் புலம்பெயர்ந்த மெக்சிகோ தொழிலாளிகள் இதை அமல்படுத்தப் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம்மிடமும் 1971-ன் பூச்சிமருந்து விதிகளில் பாதுகாப்பு உடை, முகக்கவசம், பயிற்சி எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று ஆணை போட்டது. நம் காலனிப் பையன்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டேங்குக்கு இத்தனை ரூபாய் என்று முதுகில் தூக்குகிறார்களே, அவர்களில் எத்தனை பேரிடம் உரிமம் இருக்கிறது?

2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்யப்போவதாக ஒன்றிய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. அட்ரசின், பியூட்டாகுளோர், 2,4-டி, டையூரான், பெண்டிமெத்தலின், ஆக்சிஃபுளோர்ஃபென் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்த களைக்கொல்லிகள். 2023-ல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடை மூன்றுக்கு மட்டும். அதில் ஒன்றுகூடக் களைக்கொல்லி இல்லை. ஆக்சிஃபுளோர்ஃபெனை உருளைக்கிழங்கிலும் நிலக்கடலையிலும் பயன்படுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். நிலக்கடலை என்றால் நம் மல்லாட்டை. திண்டிவனம் வட்டாரத்துக்கே பேர் வாங்கித் தந்த பயிர். இந்த ஆணை நம் வட்டாரத்தில் எந்தத் தெருவில் வாசிக்கப்பட்டது?

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். களை மருந்து வேண்டவே வேண்டாம், எல்லாரும் பழையபடி குனிந்து களைவெட்டுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இடுப்பு ஒடியக் குனிந்த வேலையில் பெருமை ஒன்றும் இல்லை. அதிலிருந்து நம் பெண் பிள்ளைகள் வெளியே வர வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் பேசியிருக்கிறோம். அரை ஏக்கர் வைத்திருக்கும் நம் ஆட்களும் மருந்துதான் அடிக்கிறார்கள், ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்பதும் உண்மை. அதே நேரம், தை மாதத்தில் இருபது பெண்களுக்கு இருந்த வேலை ஏழு பேருக்கு ஆனது, மீதிப் பதின்மூன்று பேர் கல்குவாரிக்கும் புதுச்சேரி பஸ்ஸுக்கும் போனது, அதுவும் உண்மை. மருந்தால் வரும் லாபம் ஒரு பக்கம், வேலை இழப்பும் எரிச்சலும் கிணற்றுத் தண்ணீரும் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடப்பதைத்தான் கேட்கிறோம். மண் எல்லாருக்கும் பொது என்று பேச்சில் சொல்லலாம். 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்ததே, பக்கத்துச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், நிலம் இல்லாததுதான் இந்த மக்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அறிக்கை எழுதியதால்தான். அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பது தெரிந்த கதை. நிலம் கையில் இருந்தால் எப்போது அடிப்பது, எப்போது இறங்குவது என்று தீர்மானிக்கலாம். இல்லாதவர் கூப்பிட்ட நாளில் இறங்க வேண்டியதுதான்.

இலங்கையை ஒரு பாடமாகச் சொல்ல வேண்டும். வறண்ட பகுதி நெல் விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியபோது, கிளைபோசேட்டும் கடின நீரும் சேர்ந்து செய்யும் வேலை அது என்று 2014-ல் சன்ன ஜயசுமன என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். 2015-ல் அரசு அந்த மருந்தைத் தடை செய்தது. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. அந்தக் கருத்து இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை, மறுப்பவர்கள் அதிகம். ஆனால் நோய் வந்த பிறகு, பல வருடம் கழித்து, பழைய தண்ணீரில் என்ன இருந்தது என்று தேடினால் இப்படித்தான் முடியும். முன்கூட்டியே அளந்து வைத்திருந்தால் சண்டையே வேண்டியதில்லை.

அளப்பது முடியாத காரியமா? ஐ.எஸ். 10500 தரத்தில் அட்ரசினுக்கு 2 மைக்ரோகிராம், 2,4-டிக்கு 30, பியூட்டாகுளோருக்கு 125 என்று வரம்பு போட்டிருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தண்ணீர் பரிசோதனைப் பெட்டி தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பெட்டி உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, கிருமி பார்க்கும். களை மருந்து அதில் வராது, ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கிளைபோசேட்டுக்குத் தரத்திலேயே வரம்பு கிடையாது. திண்டிவனத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கிருந்து நாடெல்லாம் போயின. நம் செம்மணலில், நம் சித்திரையில், நம் ஐப்பசியில் இந்த மருந்துகள் எத்தனை நாளில் பாதியாகின்றன என்று அங்கே அளந்து, பட்டியலைத் தமிழில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக் கிராம சபையில் வைக்க நாங்கள் தீர்மானம் எழுதியிருக்கிறோம். மருந்து அடிக்கும் நிலத்தில் அடித்த நாளும் மருந்தின் பெயரும் தமிழில் எழுதிய அட்டை ஒன்றைக் குச்சியில் நட வேண்டும். குறைந்தது சீட்டில் சொன்ன பாதுகாப்பு உடை இல்லாமல் யாரையும் டேங்க் தூக்க வைக்கக் கூடாது. காலனிக் கிணறு, கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி மூன்றிலும் மாதிரி எடுத்துக் களை மருந்துக்குச் சோதிக்க வேண்டும். தோழர்கள் உங்கள் ஊரில் இதே தீர்மானத்தை வைப்பதானால் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். மாதிரியைக் கோடையில் எடுத்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று சான்றிதழ் தருவார்கள். மருந்து அடித்த பிறகு வரும் முதல் நல்ல மழை முடிந்து ஒரு வாரத்துக்குள் ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனில் வேண்டாம். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், ஐஸ் பெட்டியில் வைத்து, ஊர்த் தொட்டி மாதிரியையும் காலனித் தொட்டி மாதிரியையும் தனித்தனியாகப் பெயர் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.